லூர்தைக் கடைசியில் வைத்த பயணம்

1991-ஆம் வருடத் தவக்காலத்தில் நடந்தது இது. ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில், கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது எங்கள் ஊர். அப்பாவுக்கு லாரி டிரைவர் வேலை. மறைமலை நகரில் வண்டி உதிரிபாகங்களை ஏற்றினால் புனேவில் போய்த்தான் இறக்குவார். எனக்குப் பதினேழு வயது. சின்ன வயதில் வந்த போலியோவில் வலது கால் சூம்பிப் போயிருந்தது. இரும்புப் பட்டை வைத்த காலிப்பர் ஷூ இல்லாமல் நடக்க முடியாது. பத்தாவது முடித்த பிறகு தினமும் பஸ் ஏறி இறங்க முடியாமல் படிப்பும் நின்றுபோய், வீட்டோடு கிடந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் பெரியப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. அவர் பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் பெண் எடுத்து, அந்த வழியாக பிரான்ஸ் போய் பாரிஸ் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துவந்தார். புதிதாக வேன் வாங்கியிருப்பதாகவும், ஆகஸ்ட் லீவுக்கு நாங்கள் மூன்று பேரும் வந்தால் லூர்து மாதா கோயிலுக்கும், அப்படியே ஸ்பெயினைத் தாண்டி போர்ச்சுகலில் இருக்கும் பாத்திமா மாதா கோயிலுக்கும் வேனிலேயே போய்வரலாம் என்றும் எழுதியிருந்தார். டிக்கெட்டும் அவர் பொறுப்பாம்.

லூர்தில் ஒரு ஊற்று இருக்கிறது. அந்தத் தண்ணீரில் குளித்து நோய் தீர்ந்தவர்கள் உண்டு என்று எங்கள் ஆட்கள் நம்புவார்கள். அம்மா அந்தக் கடிதத்தை மாதா அனுப்பியதாகவே எடுத்துக்கொண்டார். மாதாவிடம் கேட்டுப் பார்க்கலாம் என்ற பேச்சே அவரிடம் இல்லை, கால் சரியாகிவிடும் என்றே முடிவு கட்டிவிட்டார். "போவும்போதுதான் தூக்கி ஏத்தணும். வரும்போது எம்பொண்ணு தானா நடந்து வருவா," என்று கோயிலுக்கு வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

வழி போடும் வேலை என்னுடையது. பள்ளிக்கூடத்து அட்லஸை விரித்துவைத்து, சாலை வளைகிற மாதிரியெல்லாம் தையல் நூலை வளைத்து தூரம் அளப்பேன். அப்பா லோடு இல்லாத நாட்களில் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, புனே டிரிப்புக்குக் கேட்பது போலவே கேள்வி கேட்பார். டீசல் எங்கே போடுவது, நைட் ஹால்ட் எந்த ஊரில், ஸ்பெயின் எல்லை செக்போஸ்டில் எவ்வளவு நேரம் நிறுத்துவான், போர்ச்சுகலுக்கு வேறு பெர்மிட்டா? பெரியப்பா ஒருவரால் மட்டும் அவ்வளவு தூரம் ஓட்ட முடியாது, தானும் மாற்றி மாற்றி ஓட்டுவதாக அப்பா தானாகவே முடிவு பண்ணிக்கொண்டார். அங்கே வலது பக்கம் ஓட்ட வேண்டுமே என்று கேட்டேன். "எதுர்ல வர்றவன் எப்டி வரானோ அப்டி ஓட்டணும், அவ்ளோதானே," என்றார்.

உண்மையைச் சொன்னால், என் வாழ்க்கையிலேயே நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. தெருமுனை பஸ் ஸ்டாப்புக்குப் போகவே துணை தேடுகிற என்னிடம், ஒரு மனிதர் எந்தச் சாலையில் போகலாம் என்று யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை.

அந்தச் சந்தோஷத்தில் மண் விழுந்தது ஒரு ஜோடி செருப்பால். பீரோவில் ஏதோ தேடும்போது, அம்மாவின் புடவைக்கு அடியில் புதுச்செருப்பு இருந்தது. சிவப்பு வார், என் அளவு. காலிப்பர் போட்டவளுக்குச் செருப்பு எதற்கு? லூர்திலிருந்து திரும்பும்போது போட்டுக்கொள்வதற்குத்தான். அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கால் சரியாகாவிட்டால் இவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

அன்றைக்கே வழியை மாற்றினேன். பாரிஸிலிருந்து கடலோரமாகவே இறங்கி ஸ்பெயின், அங்கிருந்து போர்ச்சுகல், பாத்திமா. எல்லாம் சுற்றிவிட்டுத் திரும்பும்போது கடைசியாக லூர்து. அப்பா வந்து பார்த்ததும் அட்லஸில் விரலை வைத்தார்.

"இன்னாம்மா இது? போற வழிலயே லூர்து கீது. அத வுட்டுட்டு ஊரெல்லாம் சுத்திட்டு கடைசில போட்டுக்கிற?"

"கடலோரமா போனா நல்லா இருக்கும்ப்பா."

"லோடு எறக்க வேண்டிய எடத்த தாண்டிகினு எவனாச்சும் வண்டிய ஓட்டுவானா? இன்னா விசயம், சொல்லு."

மழுப்பிப் பார்த்தேன், முடியவில்லை. அழுகை முந்திக்கொண்டது. "தண்ணில முங்கி எழுந்தும் கால் இப்டியே இருந்துச்சின்னா? அப்பறம் அவ்ளோ தூரம் ஒரே வண்டில உங்க மூஞ்சியெல்லாம் பாத்துகினு எப்டிப்பா வருவேன்? கடைசில வச்சா, அதுவரைக்குமாச்சும் சந்தோசமா போலாம்ல."

அப்பா கோபமாகத்தான் ஆரம்பித்தார்.

"ஏண்டி, நடக்காம வந்தா உன்ன அங்கியே வுட்டுட்டா வரப்போறோம்? போறப்ப எப்டி ஏறினியோ அப்டியே ஏறி ஒக்காரு. வண்டி ஓட்டப்போறவன் நானு, எவன் கேப்பான் உன்ன?"

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கடைசிலயே இருக்கட்டும். உங்கம்மா கேட்டா நான்தான் மாத்த சொன்னேன்னு சொல்லிக்கிறேன்," என்று எழுந்து போய்விட்டார்.

பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் பெரியப்பாவிடமிருந்து அடுத்த கடிதம் வந்தது. தொழிற்சாலையை மூடிவிட்டார்களாம். வேனை விற்றாயிற்று, இப்போதைக்கு வர வேண்டாம், மன்னித்துக்கொள் தம்பி என்று எழுதியிருந்தார். அம்மா சாப்பாடு தண்ணீர் இல்லாமல் படுத்துக் கிடந்தார். எழுந்ததும், அட்லஸில் நான் போட்டுவைத்திருந்த வழியில் லூர்து கடைசியில் இருப்பதைப் பார்த்து, வழியை மாற்றியது யார் என்று கேட்டார். அப்பா சொன்னபடியே பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார்.

"மாதாவ கடைசில தள்ளி வச்சிட்டியே, அதான் அந்தம்மா கதவ சாத்திட்டாங்க. எம்பொண்ணு கால நீதான் கெடுத்துட்ட."

மாற்றியது நான்தான் என்று அம்மாவிடம் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். அப்பாவைக் காப்பாற்றப் பொய் சொல்கிறேன் என்றே நினைத்தார். அதன்பின் எங்கள் வீட்டில் கலகலப்பு என்பதே இல்லாமல் போயிற்று. அப்பா புனேவிலிருந்து வந்தால் அம்மா சோறு போடுவார், துணி துவைத்துப் போடுவார். பேச்சு மட்டும் அளந்துதான். அப்பாவும் டிரிப் மேல் டிரிப்பாகக் கேட்டு வாங்கிப் போக ஆரம்பித்தார்.

சில வருடங்கள் கழித்து ஒரு மழைக்காலத்தில், மாரடைப்பு வந்து அப்பா போய்ச் சேர்ந்தார். தலைமாட்டில் உட்கார்ந்து அழும்போதும் அம்மா அதைத்தான் சொல்லி அழுதார். "அந்தம்மாவ மொதல்ல பாக்க போயிருக்கலாமேய்யா." அடக்கத்துக்கு வந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு மட்டும்தான் புரிந்தது.

நான் பிறகு தபாலில் படித்து, இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கம்பெனி ஸ்டோர்ஸில் வேலைக்குச் சேர்ந்தேன், அதே காலோடு. அம்மாவும் இப்போது இல்லை. ஸ்பெயினையும் போர்ச்சுகலையும் இதுவரை நான் பார்த்ததில்லை, இனி பார்க்கப்போவதும் இல்லை. என் கால் சரியாக வேண்டும் என்று மன்றாடியவர்கள் நிறையப் பேர். சரியாகாவிட்டாலும் வண்டியில் ஏறி உட்கார் என்று சொன்னவர் அப்பா ஒருவர்தான், அந்த ஒரு சொல்லுக்கு அவர் கொடுத்த விலையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.