அப்பா இருந்த பிள்ளைகள்

துபாயில் யூதக் குழந்தைகளுக்கான ஞாயிற்றுக்கிழமை வேத வகுப்பு ஒன்றில் நான் அலுவலக உதவியாளர். ஒரு வில்லாவின் கீழ்த்தளம், பதினோரு பிள்ளைகள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான் என்பதைச் சேர்ந்த அன்றே அங்கே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

போன வருடம் ஆசிரியை, தங்கள் சமூகத்துக்குப் பள்ளிக்கூடம் எப்படி வந்தது என்று பிள்ளைகளுக்கு ஒரு பாடம் எழுதினார். தட்டச்சு செய்தது நான். ஆதியில் வேதம் சொல்லிக்கொடுப்பது தகப்பனின் கடமை. தகப்பன் இல்லாத பிள்ளை படிக்காமலே போகும். எருசலேமில் ஆசிரியர்களை வைத்தார்கள். அப்போதும் கூட்டிக்கொண்டு போகத் தகப்பன் வேண்டியிருந்தது. பிறகுதான் ஊருக்கு ஊர் ஆசிரியர் வைத்து, தகப்பன் இல்லாதவர்களையும் ஆறேழு வயதில் சேர்த்துக்கொண்டார்கள். பெண் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று கேட்டேன். அதற்கு இன்னும் வெகுகாலம் ஆனது என்றார்.

அப்போது என் அப்பா துபாயிலேயே சோனாப்பூர் தொழிலாளர் கேம்பில் இருந்தார். கட்டடங்களுக்குக் கம்பி கட்டும் வேலை. நான் கைக்குழந்தையாக இருந்தபோது வந்தவர். அடுத்த மாதம் விசா முடிந்து ஒரேயடியாக ஊருக்குத் திரும்பவிருந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. போவதற்குள் அவரைப் பெயரெழுத வைத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. வகுப்புப் பிள்ளைகளுக்குச் செய்வதைப் போலவே, புள்ளிவைத்த பெரிய எழுத்துகளை அச்சடித்து எடுத்துப்போனேன்.

கேம்புக்கு வெளியே ஒரு கஃபடீரியாவில் உட்கார்ந்தோம். அப்பாவின் ரூம்காரர் எட்டிப் பார்த்து, "என்னண்ணே, லீவு நாள்லயும் டூட்டியா? டீச்சர் அடிப்பாங்களா?" என்றார். அப்பா சிரித்துக்கொண்டே 'அ'வின் மேல் பேனாவை ஓட்டினார். கம்பி முறுக்கிய விரல்களில் பேனா நிற்கவில்லை. இரண்டாவது வரியில் நிறுத்தி, என் வேலையைப் பற்றிக் கேட்டார். அந்தப் பாடத்தை அப்படியே சொன்னேன்.

கேட்டு முடித்து, "நம்ம வீட்லயும் அதான தாயி. நான் பக்கத்துல இல்லாமத்தான நீ படிச்சே" என்றார்.

வாராவாரம் போனில் அவர் கேட்ட முதல் கேள்வி, பள்ளிக்கூடம் போனாயா என்பதுதான். பத்தாவதோடு நிறுத்தச் சொன்ன பெரியப்பாவிடம் போனிலேயே சண்டை போட்டவர். இதெல்லாம் அன்று நினைவுக்கு வராமல் இல்லை.

"ஆமாப்பா, நானாத்தான் படிச்சேன்" என்றேன்.

அவர் பேனாவை மூடினார். தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, டீ ஆறுகிறது, குடி என்றார். அடுத்த இரண்டு வாரமும் அதை எடுக்கவில்லை. கேட்டால், கண் தெரியவில்லை என்றார். பிறகு ஊருக்குப் போய்விட்டார்.

இப்போது வாட்ஸ்அப்பில் குரல் பதிவு செய்துதான் பேசிக்கொள்கிறோம். மழை பெய்ததா, சாப்பிட்டீர்களா என்று கேட்கிறேன். நீங்கள் இருந்ததால்தான் படித்தேன் என்று சொல்ல மட்டும் எனக்கு இன்னும் வாய் வரவில்லை.