பழைய காருக்கு ஸ்டெப்னி மாட்டினேன்

திருச்சியில் பழைய கார் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் அதன் பின்னால் ஸ்டெப்னி தொங்கும் இரும்புத் தாங்கியைத் தன் கையாலேயே பிரித்து, தன் கையாலேயே திரும்ப மாட்டியவன், எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். வேறு யாராவது இருந்தால் வந்து சொல்லட்டும், காபி வாங்கித் தருகிறேன்.

நான் ஐந்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. பால்பண்ணைப் பக்கம் லாரிக்கு பஞ்சர் ஒட்டும் கடையில் வேலைக்குச் சேர்ந்து, அதே சாலையில் சொந்தமாக டயர் கடை போட்டு, ஸ்ரீரங்கத்தில் மாடி வீடு கட்டியவன். அந்த வீட்டு ஷெட்டில் நிற்கும் கார் என்னைவிட மூத்தது. தொட்டியத்தில் ஒரு வாழைத் தோட்டக்காரர் வீட்டுக் கொட்டகையில் கோழிகள் அதில் முட்டையிட்டுக் கொண்டிருந்தன. வாங்கி வந்து, மெக்கானிக் பக்கத்திலேயே உட்கார்ந்து இன்ஜினைச் சரி பண்ண வைத்தேன். அந்தக் காலத்துக் காருக்கு ஸ்டெப்னி டிக்கிக்குள் இருக்காது. பின்பக்கம் வெளியே தொங்கும். அதுதான் அதற்கு அழகு.

போன வருஷம் உறையூரில் பெயின்ட் அடிக்கக் கொடுத்தபோது, பின்னால் இருக்கும் தாங்கியைக் கழற்றிவிட்டுக் கொண்டு வாருங்கள் என்றார்கள். கழற்றினேன். வளைந்த இரும்புக் கை இரண்டு, சக்கரம் உட்காரும் வட்டத் தகடு ஒன்று, கைகளுக்கும் காரின் அடிச்சட்டமான சேஸுக்கும் நடுவே வைக்கும் இரும்புக் கட்டைகள் நான்கு, போல்ட்டுகள் எட்டு. எல்லாவற்றிலும் சாக்பீஸால் குறி போட்டேன். இடதுக்கு ஒரு கோடு, வலதுக்கு இரண்டு கோடு, மேல்பக்கத்துக்குப் பெருக்கல் குறி. என் கடையில் டயருக்கு எப்போதும் போடும் குறிதான். அதைப் பார்த்தே ஆயிரக்கணக்கான டயரை இடம் மாறாமல் கொடுத்திருக்கிறேன்.

நடுவில் ஆயுத பூஜை வந்தது. என் மனைவி அந்தச் சாமான்களை ஒவ்வொன்றாக மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, ஸ்பேனர்களுக்குப் பக்கத்தில் வரிசையாக அடுக்கினாள். பளபளவென்று இருந்தது. நானே பார்த்து, பேஷ் என்று சொல்லித் தேங்காய் உடைத்தேன். மறுநாள் சாக்கில் கட்டி வைத்தோம்.

மார்கழி கடைசியில் கார் பெயின்ட் முடிந்து வந்தது. சாக்கை அவிழ்த்துக் கொட்டிய பிறகுதான் பார்த்தேன். ஒரு கோட்டையும் காணோம். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி ஒரு பொட்டு.

அவளைக் கேட்டேன்.

"சாமிக்கு முன்னாடி அழுக்கோடவா வைப்பாங்க? அன்னைக்கு நின்னு பாத்தீங்களே, அப்ப வாய் எங்க போச்சு?"

பார்த்தது உண்மைதான்.

தையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய கார்களெல்லாம் தில்லை நகரில் கூடி முக்கொம்புக்கு ஊர்வலமாகப் போவதாக ஏற்பாடு. காரில் எது எங்கே இருந்ததோ அது அங்கே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வரிசையில் விடமாட்டோம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். அந்த ஊர்வலத்துக்காகத்தான் நான் பெயின்டே அடித்தேன். கடைத் தெரு முழுக்கச் சொல்லியும் வைத்திருந்தேன்.

இந்த இடத்தில்தான் என் சம்பந்தி வந்தார். மகனுக்குப் பெண் கொடுத்தவர். பெரிய தொழிற்சாலையில் வரைபடம் பார்க்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். ஆனால் காகிதத்தில் இல்லாத எதுவும் உலகத்தில் இல்லை என்று நினைப்பவர். கம்ப்யூட்டரிலிருந்து ஒரு படத்தை அச்செடுத்துக்கொண்டு வந்து, அதன்படியே மாட்டச் சொன்னார். மாட்டினோம். பொருந்தத்தான் பொருந்தியது. ஆனால் சக்கரத்தைத் தொங்கவிட்டதும் அது பின்னால் சாய்ந்து, பல் விழுந்த கிழவன் உதடு மாதிரித் தொங்கியது. அம்மா மண்டபம் வரை ஓட்டிப் பார்த்தேன். வேகத்தடை ஒவ்வொன்றிலும் கடகடவென்று ஒரே சத்தம்.

சம்பந்தி குனிந்து பார்த்துவிட்டு, போல்ட்டு ஓட்டைகள் தேய்ந்துவிட்டன, புதிதாகத்தான் செய்ய வேண்டும், சென்னையில் தெரிந்தவர் இருக்கிறார் என்றார். என் மகனும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டான். திங்கட்கிழமை காரை லாரியில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்புவதாகப் பேசி முடித்துவிட்டார்கள். ஸ்டெப்னி இப்படித் தொங்கினால் வரிசையில் விடமாட்டார்கள், அதாவது ஞாயிற்றுக்கிழமை ஊர்வலம் எனக்குக் கிடையாது. ஸ்டெப்னி மாட்டத் தெரியாத டயர் கடைக்காரன் என்ற பேர் மட்டும் மிச்சம். அன்று வெள்ளிக்கிழமை.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் எல்லாவற்றையும் மறுபடி கழற்றினேன். பழைய வேட்டி ஒன்றை வாசல் வெயிலில் விரித்துப் பரப்பினேன். பஞ்சர் ஒட்டுகிறவனுக்குக் கண் முக்கியமில்லை, விரல்தான். டயருக்குள் கை விட்டுத் தடவியே, குண்டூசி முனையளவு ஆணி எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அந்த விரலை இரும்புக் கையின் போல்ட்டு ஓட்டைக்குள் விட்டுச் சுற்றினேன். ஓட்டை வட்டமாக இல்லை. ஒரு பக்கம் மட்டும் இழுபட்டு முட்டை மாதிரி இருந்தது. அடுத்த கையிலும் அப்படியே.

உட்கார்ந்து யோசித்தேன். இத்தனை வருஷம் ஒரு சக்கரத்தின் கனம் இந்தக் கையைக் கீழே இழுத்திருக்கிறது. கை கீழே இறங்கும்போது ஓட்டையின் மேல் விளிம்புதான் போல்ட்டில் உட்காரும். அப்படியானால் தேய்ந்த பக்கம் மேலே இருக்க வேண்டும். நாங்கள் மாட்டியதில் அது கீழே இருந்தது. இரண்டு கையையும் தலைகீழாக மாட்டியிருக்கிறோம்.

இடது எது, வலது எது என்பதற்கும் இரும்பே பதில் வைத்திருந்தது. சைலன்சர் குழாய் இடது பக்கம் போகிறது. ஒரு கையில் மட்டும் சூடு பட்ட நீல நிறம் ஏறியிருந்தது. எந்த மண்ணெண்ணெயும் அதைத் துடைக்க முடியாது. கட்டைகள் நான்கில் இரண்டு தடிமன், இரண்டு மெலிசு. தடிமனைக் கீழே கொடுத்தால் தகட்டின் தலை காரைப் பார்த்துச் சாயும். சக்கரம் பின்னால் தொங்காது.

சம்பந்தி ஒன்பது மணிக்கு, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். நான் சொல்வதைக் கேட்டுவிட்டு, படத்தில் வேறு மாதிரி இருக்கிறதே என்றார்.

"படத்துல இங்கிலீஷ்ல என்னமோ போட்டிருக்குங்களே, அத கொஞ்சம் படிச்சு சொல்லுங்க சம்பந்தி. எனக்குத்தான் தெரியாது."

மூக்குக் கண்ணாடியை ஏற்றி, அடியில் இருந்த பொடி எழுத்தைப் படித்தார். பிறகு, "இது உங்க காருக்கு அடுத்த மாடல் படங்க. இதுல தாங்கி பிராக்கெட்ட திருப்பிப் போட்டிருக்கான்" என்றார்.

அவர் நல்ல மனிதர் என்று சொன்னேனே, அங்கேதான் பார்த்தேன். மறைக்கவில்லை. காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "இப்ப நான் என்ன பண்ணணும்?" என்று கேட்டார்.

ஒருவர் மேலே தாங்கியைப் பிடிக்க வேண்டும், ஒருவர் காருக்கு அடியில் படுத்து நட்டைப் பிடிக்க வேண்டும். எனக்கு முட்டி மடங்காது. இஸ்திரி போட்ட சட்டையோடு அவரே கோணியை விரித்துப் படுத்தார். என் மனைவி ஜன்னலில் நின்று, சம்பந்தி அம்மா பார்த்தால் என்ன சொல்வார்களோ என்று கவலைப்பட்டாள். நான் வரிசை சொன்னேன். ஒன்றை முழுசாக இறுக்கக் கூடாது. மேல் இடது, கீழ் வலது என்று குறுக்கே குறுக்கே, கொஞ்சம் கொஞ்சமாக. லாரிச் சக்கரத்துக்கு நான் அப்படித்தான் நட்டு முடுக்குவேன். ஒரே பக்கமாக முடுக்கினால் மற்ற பக்கம் தூக்கிக்கொள்ளும்.

எட்டாவது போல்ட்டு இறுகியதும் சக்கரத்தைத் தூக்கி மாட்டினோம். நேராக, கம்பீரமாக நின்றது. டிக்கியைத் திறந்து மூடினேன். சக்கரத்துக்கும் டிக்கிக்கும் நடுவே சரியாக ஒரு விரல் இடைவெளி. அம்மா மண்டபம் போய் வந்தோம். வேகத்தடைகளில் வேண்டுமென்றே வேகமாக விட்டேன். காருக்குள் என் குரலைத் தவிர வேறு சத்தமே இல்லை. மகனுக்கு போன் போட்டு, லாரிக்காரனை வர வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை தில்லை நகரில் கார்களைச் சோதிக்க ஊர்வலக்காரர்களின் கண்காணிப்பாளர் ஒருவர் வந்தார். ஒவ்வொரு காராக ஆட்டிப் பார்த்து, இரண்டு காரை ஓரம் கட்டச் சொல்லிவிட்டார். என் காருக்குப் பின்னால் போய், ஸ்டெப்னியை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். கார் ஆடியது. ஸ்டெப்னி ஆடவில்லை. இன்னொரு தரம் உலுக்கினார். மறுபடியும் கார்தான் ஆடியது.

"எந்த ஒர்க்‌ஷாப்ல மாட்டினீங்க சார்? மெட்ராஸா?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் சம்பந்தி முந்திக்கொண்டார். "ஸ்ரீரங்கத்துலங்க. இவர் வீட்டு வாசல்ல. இவர் விரல விட்டுப் பாத்து சொன்னாரு, நான் அடியில படுத்து நட்டு பிடிச்சேன்."

அதில் பாதிப் பெருமையை அவர் எடுத்துக்கொண்டது எனக்குத் தெரியாமல் இல்லை. எடுத்துக்கொள்ளட்டும். நட்டைப் பிடித்தது அவர்தான். முன் கதவைத் திறந்து, என் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். எங்களை வரிசையில் மூன்றாவதாக விட்டார்கள். முக்கொம்பு போய்ச் சேரும்வரை எங்களுக்குப் பின்னால் வந்த அத்தனை காரும் என் ஸ்டெப்னியைப் பார்த்துக்கொண்டேதான் வந்தன.