டாஷ்போர்டில் ஒட்டிய பிள்ளையார்

நன்கொடை திரட்டுவதற்காக, ஓட்டை உடைசல் கார்களில் மேற்கு டெக்சாஸ் பாலைவனத்தைக் கடக்கும் பயணத்துக்கு நானும், ஆலன் நகரில் என் பக்கத்துத் தெருவில் இருக்கும் நண்பனும் பெயர் கொடுத்திருந்தோம். மூன்று நாள் ஓட்டிவிட்டு, முடிவில் காரையும் தானமாகக் கொடுத்துவிட வேண்டும். கிளம்புகிற அன்று காலையில் அவன் போன் செய்தான்.

"சாரிடா, பையனுக்கு சாக்கர் மேட்ச். வைஃப் விடமாட்டேங்கிறா."

அந்த மேட்ச் இன்றைக்குத்தான் முளைத்ததா என்று கேட்க வாய் வரை வந்தது. போனை வைத்துவிட்டுத் தனியாகவே கிளம்பினேன்.

இதற்காகவே அந்தப் பழைய காரை வாங்கிய அன்றே பூஜை போட்டு, டாஷ்போர்டில் ஒரு சின்னப் பிள்ளையாரை என்னைப் பார்த்தபடி ஒட்டியிருந்தேன். கொடுத்துவிடப் போகிற காரில் யாராவது அவ்வளவு வலுவான பசையைப் போடுவார்களா? நம் ஆட்கள் போடுவார்கள்.

பக்கத்து சீட் காலி. ரேடியோவில் வெறும் இரைச்சல். மணிக்கணக்காக எதிரே ஒரு வண்டிகூட வரவில்லை. "பிள்ளையாரப்பா, அடுத்த கேஸ் ஸ்டேஷன் வரைக்கும் கொண்டு போய் விட்டுடுப்பா" என்று ஆரம்பித்த பேச்சு, இரண்டாம் நாள் நண்பனைத் திட்டுவதாக மாறியது. மூன்றாம் நாள், வீட்டில்கூடச் சொல்லாததையெல்லாம் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பயணம் முடியும் ஊர் வந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டு, பிள்ளையாரைப் பெயர்த்தெடுக்கப் பார்த்தேன். கத்தியால் நெம்பியும் அசையவில்லை. இன்னும் அழுத்தினால் தும்பிக்கை உடைந்துவிடும் போலிருந்தது. விட்டுவிட்டேன்.

டோ டிரக் காரை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. பக்கவாட்டுக் கண்ணாடி வழியே அவர் தெரிந்தார். காலியான என் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.