வலது பக்கம் திரும்பாத வண்டி

இதைச் சொன்னால் என் பட்டறைக்கு வருகிற நாலு வண்டியும் வராமல் போய்விடும். தெரிந்தேதான் சொல்கிறேன். இது நடந்தது. கண்ணால் பார்த்தேன், கையால் தொட்டேன். கதை கட்ட எனக்கு நேரமும் கிடையாது, திறமையும் கிடையாது. பொழுது விடிந்தால் அடைகிற வரை வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடக்கிற ஆள் நான். எல்லோரும் ஸ்பேனர் என்று கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் எனக்கே மறந்துகொண்டு வருகிறது.

பள்ளிக்கூடங்களுக்குச் சீருடை தைத்துக் கொடுக்கிற ஒரு அக்கா. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். இருபது வருஷத்துப் பழைய வெள்ளைக் காரை ஒருநாள் கொண்டுவந்து நிறுத்தினார்.

"தம்பி, ஸ்டியரிங் கல்லு மாதிரி இருக்கு. மெதுவா வளைச்சா கடகடன்னு உதறுது."

பழைய வண்டியில் பவர் ஸ்டியரிங் கனமானால் நாங்கள் பார்ப்பது வழக்கமான விஷயங்கள்தான். டயரில் காற்று இருக்கிறதா, ஆயில் குறைந்திருக்கிறதா, பெல்ட் வழுக்குகிறதா, பம்ப் முனகுகிறதா. முதலில் அவரை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு தெரு சுற்றினோம். வெண்ணெய் மாதிரி திரும்பியது.

"அக்கா, ஸ்டியரிங் நல்லாத்தான் இருக்கு. நீங்கதான் கொஞ்சம் நல்லா சாப்பிடணும்."

அவர் சிரிக்கவில்லை.

"நீங்க பக்கத்துல உக்காந்திருக்கீங்க, அதான். தனியா ஓட்டிப் பாருங்க."

எனக்கு யார் சொன்னாலும் ஏறாது. ஆயிலை மாற்றினேன், புது பெல்ட் போட்டேன், காசை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டேன். ஒன்று மட்டும் கண்ணில் பட்டது. ஸ்டியரிங் உறை ஓட்டுகிறவர் பிடிக்கும் இடத்தில் தேயாமல், இடது ஓரத்தில் மட்டும் தேய்ந்து வழவழப்பாக இருந்தது. யாரோ பக்கத்து இருக்கையிலிருந்து கையை நீட்டி, வருஷக்கணக்காகப் பிடித்துக்கொண்டு வந்த மாதிரி.

இரண்டு நாள் கழித்து, ஒரு மழைச் சாயங்காலம், அந்த அக்கா மறுபடியும் வந்தார். உள்ளங்கைகளை விரித்துக் காட்டினார். இரண்டிலும் கொப்புளம்.

"என் பொண்ணு வீட்டுக்குப் போகணும் தம்பி. மூணு தடவை கிளம்பிட்டேன். பெரிய ரோட்டுல வலது பக்கம் திரும்பணும். திரும்ப மாட்டேங்குது. இடது பக்கம் கடைக்கோ துணி குடுக்கவோ போனா ஒரு தொந்தரவும் இல்ல."

மகள் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டவளாம். அவள் வீட்டுப் படியை மிதிக்கக் கூடாது என்று இவருடைய கணவர் சொல்லிவிட்டாராம். மூன்று வருஷமாக மகள் முகத்தைப் பார்க்கவில்லை. இப்போது பேத்தி பிறந்து பன்னிரண்டு நாள். அதையும் போட்டோவில்தான் பார்த்திருக்கிறார். கேட்கக் கேட்க எனக்கு வயிறு எரிந்தது.

சாவியை வாங்கினேன். முதல் தடவையாகத் தனியே ஓட்டினேன்.

பட்டறை வாசலில் வலது பக்கம் வளைத்தேன். பாதியில் நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். கடகட… கடகட… என்று கைக்குள் உதறியது. இடது பக்கம் விட்டேன், வழுக்கிக்கொண்டு போனது. அக்காவைப் பக்கத்தில் ஏறச் சொன்னேன். இரண்டு பக்கமும் லேசாகத் திரும்பியது. இறங்கச் சொன்னேன். மறுபடியும் கல்.

பக்கத்து இருக்கையில் ஆள் இருந்தால் சரியாகிவிடுகிற கோளாறை நான் கேள்விப்பட்டதே இல்லை. மண்டை காய்ந்தது. விடக்கூடாது என்று ஜாக்கி போட்டு முன் சக்கரங்களைத் தூக்கினேன். தரையில் படாமல் தொங்கும்போதும் கனம். சரி, கோளாறு சக்கரத்துப் பக்கம் இருக்கிறதா என்று பார்க்க, சக்கரங்களை இழுக்கிற டை ராடு இரண்டையும் கழற்றினேன். சக்கரங்கள் கையால் தள்ளினாலே ஆடின. ஸ்டியரிங் மட்டும் அதே கனம்.

கடைசியாக ஒன்றுதான் மிச்சம். கீழே ஸ்டியரிங் கம்பி போய்ச் சேருகிற இணைப்பின் போல்ட்டைக் கழற்றி, கம்பியைத் தனியாகப் பிரித்துவிட்டேன்.

இப்போது அந்த ஸ்டியரிங் வண்டியில் எதனோடும் சேர்ந்திருக்கவில்லை. சாவியைப் போட்டுப் பூட்டை எடுத்தாயிற்று. எஞ்சின் ஓடவில்லை. ஒற்றை விரலால் தட்டினால் பம்பரமாகச் சுற்ற வேண்டும்.

உள்ளே ஏறி உட்கார்ந்தேன். கதவைச் சாத்தினேன். தகரக் கூரை மேல் மழை சடசடவென்று கொட்டியது.

வலது பக்கம் திருப்பினேன்.

திரும்பவில்லை.

கொஞ்சம் பலமாக… கொஞ்சம் வந்தது. பிறகு எதிர்த்திசையில் இழுத்தது. என் கையோடு சேர்த்து இழுத்தது.

கடகட… கடகட… கடகட…

மூன்று உதறல். ஒரு இடைவெளி. மறுபடி மூன்று. பல் தேய்ந்த கியர் இப்படி உதறாது. இது நடுங்குகிற கை.

ஜன்னல்கள் மூடியிருந்தன. வண்டிக்குள் தைல வாசனை. அதற்கு முன்னால் இல்லை.

நான் இடது பக்கம் பார்க்கவில்லை. கதவைத் திறந்து வெளியே விழுந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

"அக்கா… அந்த சீட்டுல யார் உக்காருவாங்க?"

"அவர்தான். எனக்கு லைசென்ஸ் கிடைச்ச நாளா அப்படித்தான். நான் ஓட்டுவேன், அவர் பக்கத்துல உக்காந்து ஒரு கையால ஸ்டியரிங்கைப் புடிச்சுக்குவார். அவர் நினைச்ச பக்கம்தான் போகணும்."

"எப்ப தவறினார்?"

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"யார் சொன்னா தவறிட்டார்னு? உயிரோடதான் இருக்கார். எட்டு மாசமா படுக்கை. ஒரு பக்கம் விழுந்துடுச்சு, பேச்சும் இல்ல. தினமும் தைலம் தேய்ச்சு வலது கை மட்டும்தான் அசையுது."

நான் அந்த இடது பக்கத்துக் கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

"அந்தக் கை சும்மா இருக்காது தம்பி. நான் வண்டியை எடுத்தா கட்டில் கம்பியைப் புடிச்சுக்குமாம். பிரிக்கவே முடியலன்னு பார்த்துக்கிற நர்ஸ் சொல்லுது."

எனக்குப் பயம் வந்தது உண்மை. ஆனால் அதைவிடப் பெரிதாக ஆத்திரம் வந்தது. ஒரு மனுஷன் படுத்த படுக்கையாகக் கிடந்தும் விடவில்லை என்றால் அவனை என்னவென்று சொல்வது?

அப்போதுதான் அக்காவின் போன் அடித்தது. மகள். அழுகிறாள். குழந்தைக்குக் காய்ச்சல் அனலாகக் கொதிக்கிறது, பால் குடிக்கவில்லை, புருஷன் வெளியூரில், இந்த மழையில் ஆம்புலன்ஸோ வாடகை வண்டியோ எதுவும் வரவில்லை. "அம்மா, நீ வாம்மா."

என் பட்டறையில் ஆறு வண்டிகள் நின்றன. ஆறும் எஞ்சின் இறக்கிய வண்டிகள். ஓடக்கூடியது இது ஒன்றுதான். அவசர அவசரமாக எல்லாவற்றையும் திருப்பி மாட்டினேன். நான் ஓட்டுகிறேன் என்றேன். அக்கா சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

"என் பொண்ணு வீட்டுக்கு நான்தான் ஓட்டுவேன். நீங்க அந்த சீட்டுல உக்காந்தா மட்டும் போதும்."

உட்கார்ந்தேன். குழந்தை விஷயம். வேறு என்ன செய்ய?

பெரிய ரோட்டில் வலது பக்கம் வண்டி லேசாகத் திரும்பியது. அக்கா ஒரு பெருமூச்சு விட்டார். நானும் விட்டேன். சட்டைக்குள் முதுகு சில்லென்று இருந்தது. மழை ஈரம் என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச தூரம் போனதும் அக்கா முகம் மாறியது.

"தம்பி. கையை எடுங்க."

"எந்தக் கை?"

"ஸ்டியரிங்ல இருக்கிற கையை."

குனிந்து பார்த்தேன்.

என் வலது கை. ஸ்டியரிங்கின் இடது ஓரத்தில். தேய்ந்த இடத்தில். இறுக்கமாக.

நான் வைக்கவில்லை.

"நான் வைக்கலக்கா…"

விரலைப் பிரிக்க முடியவில்லை. இடது கையால் ஒவ்வொரு விரலாகப் பிய்த்தேன். தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தேன். அது உதறியது.

கடகட… கடகட… கடகட…

வண்டி கால்வாய்ப் பாலத்தில் ஏறியது.

உதறல் நின்றது.

சட்டென்று. விளக்கை அணைத்த மாதிரி. கை மறுபடியும் என் கையாயிற்று. தைல வாசனை போய்விட்டது. அக்கா ஸ்டியரிங்கை அப்படியும் இப்படியும் அசைத்துப் பார்த்தார். எட்டு மாதத்தில் முதல் தடவையாக இருக்கும், சிரித்தார்.

"விட்டுட்டார் தம்பி… விட்டுட்டார்!"

கடிகாரத்தைப் பார்த்தேன். 7.20.

மகள் வீடு ஒரு சந்தின் கடைசியில். சின்ன வீடு, ஒரே வாசல், ஜன்னலுக்கெல்லாம் கம்பி. கதவுக்கு முந்தின நாள்தான் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தார்கள். மழையில் அது காயவே இல்லை. உள்ளே குழந்தையின் அழுகை மெலிந்து கேட்டது.

"வாம்மா, தாழ்ப்பாளை எடுத்துட்டேன்!"

அக்கா கதவைத் தள்ளினார். திறக்கவில்லை. நானும் சேர்ந்து தள்ளினேன். உள்ளேயிருந்து மகள் இழுத்தாள். உள்ளங்கையெல்லாம் பச்சை ஆனதுதான் மிச்சம். கொஞ்சம் திறந்தது… எதிர்த்திசையில் இழுபட்டு மூடிக்கொண்டது.

பிறகு கதவு உதறியது.

கடகட… கடகட… கடகட…

உள்ளே குழந்தையின் சத்தம் நின்றுவிட்டது.

"அம்மா! அழ மாட்டேங்குதும்மா!"

அக்காவின் போன் அடித்தது. நர்ஸ். அந்தப் பெண்ணின் குரல் எனக்கே கேட்டது.

"அம்மா, ஐயா போயிட்டாரும்மா. இப்பத்தான். ஏழு இருபதுக்கு."

அக்கா போனை இறக்கினார். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கும் புரிந்தது. அவர் விட்டுவிடவில்லை. உயிரோடு இருந்தவரை அவருக்கு ஒரு கைதான், அதுவும் அந்த இருக்கை வரைதான் எட்டியது. இப்போது எங்கும் எட்டும்.

அக்கா கதவில் நெற்றியை வைத்தார். அத்தனை வருஷக் கசப்பும் அந்தக் குரலில் இருந்தது.

"விடுங்க. நான் உள்ள போகல. இந்தப் படியை இனி மிதிக்க மாட்டேன். வீட்டுக்கு வந்துடறேன். புள்ளைய மட்டும் விடுங்க."

படியை விட்டு இறங்கினார். ஒரு அடி. இரண்டு அடி.

கதவு படாரென்று திறந்தது. இழுத்துக்கொண்டிருந்த மகள் மல்லாந்து விழுந்தாள்.

குழந்தையை நான்தான் தூக்கினேன். அக்கா மழையில் நின்றபடி எட்டிப் பார்த்தார், அவ்வளவுதான். என்னிடம் சாவியைக் கொடுத்தார்.

"சீக்கிரம் கூட்டிட்டுப் போங்க தம்பி."

"நீங்களும் ஏறுங்கக்கா."

"சொல்லிட்டேன். கேட்டுட்டுதான் நிக்கிறார்."

திரும்பி, வந்த வழியே நடக்க ஆரம்பித்தார். மகள் அம்மா, அம்மா என்று கத்தினாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரி வரை ஸ்டியரிங் வெண்ணெயாக இருந்தது. குழந்தை பிழைத்துவிட்டது. இப்போது தவழ்கிறதாம். அக்கா அதே வண்டியைத்தான் ஓட்டுகிறார். ஆயில் மாற்ற வருவார், ஒரு குறையும் சொல்ல மாட்டார். பெரிய ரோட்டில் அவர் வலது பக்கம் திரும்பி நான் பார்த்ததில்லை. எனக்கு அதுதான் ஆறவே இல்லை. அந்த மனுஷன் செத்தும் ஜெயித்துவிட்டார்.

பயம், குளிர், பதற்றம், கதவு மழையில் ஊதிப்போய் இறுகியிருக்கும் என்று எனக்கு நானே ஆயிரம் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவர் செத்த மூன்றாம் நாள் அந்த நர்ஸ் தன் ஸ்கூட்டருக்கு பிரேக் சரிபண்ண வரும் வரைக்கும்.

அவளுக்கு நாங்கள் எங்கே போனோம் என்பதே தெரியாது. அந்த வீட்டை அவள் பார்த்ததும் இல்லை. பேச்சுவாக்கில்தான் சொன்னாள்.

"ஐயா போனதும் உடம்பைத் துடைச்சேன். கை சுத்தமாத்தான் இருந்துச்சு. துணி மாத்த வேற ரூமுக்குப் போயிட்டு அரைமணி கழிச்சு வந்து பார்க்கிறேன், வலது உள்ளங்கை பூரா பச்சைப் பெயின்ட். ஈரமா. எவ்வளவு தேய்ச்சும் போகல. கட்டில்ல கிடந்த பொணத்துக்கு எங்கருந்துண்ணா பெயின்ட் வந்துச்சு?"

நான் என் கையைப் பார்த்தேன். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகாத பச்சை, அப்போதும் என் நகக்கண்ணில் இருந்தது.