தடிப்பைக் கரைத்த களிம்பு

மாநில அரசில் உயர்பதவி வகித்து ஓய்வுபெற்றவன் நான். சில ஆண்டுகளுக்கு முன் எனக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் கண்டது. கட்டியை அகற்றியபின், காசநோய்த் தடுப்பு மருந்தை வாரந்தோறும் பைக்குள் செலுத்தினார்கள். அது எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுமாம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கேட்பது கௌரவக்குறைவு என்று தலையசைத்தேன்.

மருந்து முடிந்ததும் முன்கையில் காசநோய்ச் சோதனை ஊசி போட்டு, இரண்டு நாளில் வந்து காட்டச் சொன்னார் மருத்துவர். மறுநாளே அவ்விடம் சிவந்து தடித்தது. காசநோயே வந்துவிட்டது என்று கலங்கினேன். அன்று மாலை வைட்ஃபீல்டிலிருந்து சம்பந்தி வரவிருந்தார். அரிப்புக்கு வைத்திருந்த ஸ்டீராய்டு களிம்பை விடாமல் தடவி, முழுக்கைச் சட்டை அணிந்துகொண்டேன்.

அடுத்த நாள் வற்றிய தடிப்பைப் பார்த்து மருத்துவரின் முகம் வாடியது. "உடம்பு சரியா எதிர்க்கல போல, சார். பையையே எடுக்க வேண்டி வந்தாலும் வரலாம்."

உடன் வந்திருந்த என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "நல்லாதான் தடிச்சிருந்துச்சு டாக்டர்! சம்பந்தி பாத்துடுவாருன்னு இவருதான் களிம்பு பூசிக் கரைச்சாரு."

"என்ன சார், நல்ல சேதி சொல்ல வந்தவனக் கதவச் சாத்தி அனுப்பிட்டீங்களே!" என்று மருத்துவர் சிரித்தார்.

தடிப்பு நல்ல அறிகுறிதான், ஆனால் உறுதி அல்ல என்றார். நல்லதென்றால் ஏன் உறுதியில்லை? இன்றும் குழப்பமே. பின்னர் பைக்குள் குழாய்விட்டுப் பார்த்தபோது கட்டி இல்லை.

இப்போதெல்லாம் அரைக்கைச் சட்டையிலேயே மருத்துவமனைக்குச் செல்கிறேன். புரியாதபோது தலையசைப்பதில்லை.