முசேவுக்குக் கொசு பிடித்த நாட்கள்

கும்பிடுபூச்சி கையில் ஏறி நடக்கும்போது குத்தாது; புல் நுனியால் யாரோ தொட்டுத் தொட்டு எடுப்பது போல முழங்கை வரை ஒரு குறுகுறுப்பு ஏறும், அவ்வளவுதான். நடுவில் நின்று, முக்கோண முகத்தைத் திருப்பி நம்மையே பார்க்கும். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற பூச்சி உலகத்தில் அது ஒன்றுதான் என்று பத்து வயதில் நான் நம்பினேன். அந்தப் பார்வைக்காகவே அதை வீட்டில் வைத்து வளர்த்தேன்.

புதுச்சேரியில் குருசுக்குப்பத்தை ஒட்டிய ஒரு சந்தில், ஒற்றை அறையும் பின்னால் துணி துவைக்கிற இடமுமாக எங்கள் வாடகை வீடு. அப்பா ஆட்டோ ஓட்டினார். அம்மா வொய்ட் டவுனில் ஒரு கெஸ்ட் ஹவுசில் அறைகளைப் பெருக்கித் துடைக்கிற வேலை பார்த்தாள். லீவு நாட்களில் என்னையும் ஐந்து வயதுத் தம்பி அருளையும் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் அங்கேயே கூட்டிப்போய் வாசலில் உட்கார வைத்துவிடுவாள். அந்த வாசலில் படர்ந்திருந்த காகிதப்பூக் கொடியில்தான், நுரை காய்ந்து இறுகிப்போனது மாதிரி ஒரு பழுப்பு உருண்டை ஒட்டிக்கொண்டிருந்தது. தோட்டக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "அது சாமிப் பூச்சி முட்டை, நசுக்கிடாத பாப்பா" என்றார். நசுக்குவதாவது! குச்சியோடு ஒடித்து, டிபன் பாக்ஸில் போட்டு வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன்.

பழைய பிளாஸ்டிக் கூடையில் குச்சியைக் குத்திவைத்து, அம்மாவின் நைந்த வாயில் புடவையைக் கிழித்துச் சுற்றிக் கட்டினேன். இருபது நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் உருண்டையிலிருந்து நூல் நூலாக என்னவோ தொங்க, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அத்தனை நூலுக்கும் கால் முளைத்து ஓட ஆரம்பித்தது. எனக்கும் அருளுக்கும் தலைகால் புரியவில்லை. "ஊர்ல இருக்குறது பத்தாதுன்னு இது வேறயா" என்று அம்மா திட்டினாள். ஆனால் தூக்கி எறியச் சொல்லவில்லை.

நூற்றுக்கு மேல் பிறந்தவை ஒன்றையொன்று தின்றும், ஒன்றும் தின்னக் கிடைக்காமலும் ஒரே வாரத்தில் எட்டாகக் குறைந்தன. அந்த எட்டில் கொஞ்சம் வாட்டசாட்டமாக இருந்ததற்கு அருள் "முசே" என்று பேர் வைத்தான். கெஸ்ட் ஹவுஸ் முதலாளியை அங்கே வேலை செய்கிறவர்கள் எல்லோரும், பிரெஞ்சில் 'ஐயா' என்கிற மாதிரி, அப்படித்தான் கூப்பிடுவார்கள். வயதானவர், எங்களைப் பார்த்தால்கூட இரண்டு கையையும் கூப்பிக் கும்பிடு போடுவார்.

முசேவுக்குச் சாப்பாடு போடுவதுதான் பெரிய பாடாக இருந்தது. செத்ததைத் தொடாது, உயிரோடு அசைய வேண்டும். ஈ பெரிது, எறும்பு கடிக்கும். கொசு சரியாக இருந்தது. துவைக்கிற இடத்தின் மூலையில் கிடந்த பெயிண்ட் டப்பாவில் மழைத்தண்ணீர் தேங்கி, அதில் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்ததையும், சில நாளில் அவை கொசுவாகி எழும்பியதையும் நானே கண்டுபிடித்தேன். சாக்கடைக் கொசு போல இல்லாமல் இவை கறுப்பாக, காலில் வெள்ளை வரிகளோடு அழகாக இருந்தன. "வரிக்கொசு" என்று நாங்களே பேர் வைத்துக்கொண்டோம். டப்பா போதாதென்று நாலைந்து கொட்டாங்குச்சிகளிலும் தண்ணீர் ஊற்றி, அம்மா கண்ணில் படாமல் உடைந்த கதவுப் பலகைக்குப் பின்னால் அடுக்கினேன். பள்ளிக்கூடப் பாடத்தில் ஒருநாளும் காட்டாத அக்கறையோடு, கண்ணும் கருத்துமாகக் கொசு வளர்த்தேன்.

பறக்கிற கொசுவைப் பிடிக்க முடியாது, உட்கார்ந்தால்தான் பிடிக்கலாம். அதற்கு அருள்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் டவுசரைத் தொடைவரை சுருட்டிக்கொண்டு டப்பா பக்கத்தில் காலை நீட்டி உட்காருவான். "ஆடாத, மூச்சு விடாத" என்பேன். கொசு வந்து அவன் காலில் உட்கார்ந்து, நன்றாக ஊசியை இறக்கி அசையாமல் குடிக்கிற வரைக்கும் பொறுத்திருந்து, மேலே டம்ளரைக் கவிழ்ப்பேன். என் கால் இருந்தது. ஆனால் பிடிக்கிற கை என்னுடையது என்பதால் கால் அவனுடையதாக இருக்க வேண்டும் என்று நானே சட்டம் போட்டிருந்தேன். அவனுக்கு அதில் ஒரே பெருமை. "அக்கா, இன்னிக்கு ஏழு" என்று தடிப்புகளை எண்ணிக் காட்டுவான்.

கார்த்திகை பிறந்த வாரத்தில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. தெருமுனை டாக்டர் ஊசி போட்டார், அம்மா நிலவேம்புக் கஷாயம் காய்ச்சினாள், அப்பா எங்கெங்கோ அலைந்து பப்பாளி இலை பறித்து வந்தார். நாலாம் நாள் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். "கொசுக் காய்ச்சலாம், ரத்த அணு கொறஞ்சிக்கினே போவுதாம்" என்று பக்கத்து வீட்டு அக்கா வந்து சொன்னாள். ஓடிப்போய் டப்பாவையும் கொட்டாங்குச்சிகளையும் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு, டப்பாவைப் பக்கத்து மனைப் புதரில் எறிந்தேன். மறுநாள் ஆஸ்பத்திரியில் அருள் கண்ணைத் திறந்து, "முசேக்குச் சாப்பாடு போட்டியாக்கா?" என்று கேட்டான். போட்டேன் என்று பொய் சொன்னேன். அதற்கடுத்த நாள் காலையில் அவன் போய்விட்டான்.

காரியம் முடிவதற்குள் சுகாதாரத் துறை ஆட்கள் சந்துக்கு வந்து வீடு வீடாகப் பார்த்தார்கள். எங்கள் வீட்டில் குளிக்கத் தண்ணீர் பிடித்து வைக்கிற நீல டிரம்முக்குள் ஒருவர் டார்ச் அடித்து, "இங்க பாரும்மா, புழு" என்றார். அம்மா எட்டிப் பார்த்தாள். பார்த்தபடியே தரையில் உட்கார்ந்தாள். டிரம்மில் புழு இருந்தது உண்மைதான், பத்துப் பதினைந்து இருக்கும். நான் கவிழ்த்தது எத்தனை என்று எனக்குத் தெரியும். கூட்டத்தோடு கூட்டமாக நின்றுகொண்டிருந்தேன், வாயைத் திறக்கவில்லை. புகை அடித்துவிட்டுப் போனபின் கூடைத் துணியை அவிழ்த்தால் எல்லாம் செத்துக் கிடந்தன. எனக்கு அழுகை வரவில்லை.

அப்பா அம்மாவிடம் ஒரே ஒரு தடவைதான் கேட்டார்: "ஒரு மூடி போட உனக்குக் கை வரலயா?" அதன்பிறகு அவர் சாகும்வரை அம்மா கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. தானே எழுந்து போய் மொண்டு குடித்தார். ஒரே அறையில் இருந்துகொண்டு வருஷக்கணக்கில் இதைப் பார்த்தேன். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அது நின்றிருக்கும்.

இப்போது உழவர்கரையில் ஒரு மாடி வீட்டில் இருக்கிறோம், அம்மாவும் நானும். கெஸ்ட் ஹவுசில் அந்தக் காகிதப்பூக் கொடியை வெட்டிவிட்டுக் கார் நிறுத்தத் தரை போட்டிருக்கிறார்கள். எங்கள் பழைய சந்து முழுக்க சிமெண்ட் ஆகிவிட்டது. கும்பிடுபூச்சியைக் கண்ணால் பார்த்துப் பல வருஷம் ஆகிறது. நான் தேடவும் இல்லை. மழை தொடங்கினால் அம்மா பக்கத்துப் போர்ஷன் பெண்களிடம் போய் நிற்பாள். "தண்ணிய மூடி வைங்கம்மா. மூடாம வச்சித்தான் எம் புள்ளைய நான் வாரிக் குடுத்துட்டேன்" என்பாள். உள்ளே எனக்குக் கேட்கும். சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ முறை வாயெடுத்திருக்கிறேன். மகனைப் பறிகொடுத்தவள் மகளையும் பறிகொடுக்க வேண்டாமே என்று எனக்கு நானே நியாயம் பேசிக்கொள்வேன். நியாயமாவது! எனக்குப் பயம்.

அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. நான் எழுதியது எந்தப் பத்திரிகையிலாவது வந்தால், என் பேர் எங்கே இருக்கிறது என்று கேட்டு, அதன்மேல் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, பீரோவில் புடவைகளுக்கு அடியில் பத்திரமாக மடித்து வைப்பாள். இதையும் வைப்பாள்.