காலி மனையில் பிடுங்கியது

கணவருக்கு மஞ்சள் காமாலை வந்தபோது, ஓய்வுதான் மருந்து, தானாகச் சரியாகிவிடும் என்றார் தாம்பரத்து டாக்டர். சும்மா இருக்க என்னால் முடிந்தால்தானே. ஆளாளுக்குக் கீழாநெல்லி என்றார்கள். பெருங்களத்தூரில் எங்கள் அபார்ட்மெண்டுக்குப் பக்கத்துக் காலி மனையில், மழைக்கு அது மண்டிக் கிடக்குமாம்.

போய்ப் பார்த்தால் எல்லாச் செடியும் ஒரே மாதிரி. இலைக்கு அடியில் கடுகு போலக் காய் தொங்கினால் அதுதான் என்று கீழ்வீட்டு அக்கா சொல்லி அனுப்பியிருந்தார். இரண்டு வகையில் தொங்கியது. ஒன்றின் தண்டு பச்சை, இன்னொன்று சிவப்பு. செல்போனில் படம் பிடித்துத் தேடினேன். அது காலையில் ஒரு பெயர் சொன்னது, மாலையில் வேறொரு பெயர். பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிறவள் நான். வெட்கத்தை விட்டு, இரண்டையும் பிடுங்கி அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தேன்.

மூன்றாவது வாரம் அவர் கண் தெளிந்தது. செடியா, ஓய்வா, எதனால் என்று எனக்குத் தெரியாது. அவரோ மறைமலை நகரில், தான் வேலை பார்க்கும் கம்பெனி முழுக்க என் கைராசியைப் பரப்பிவிட்டார்.

ஒரு ஞாயிறு சர்ச்சிலிருந்து திரும்பினால், அவரோடு வேலை செய்பவரின் மனைவி கேட்டருகே நிற்கிறாள்.

"எங்க வூட்டுக்காரருக்குக் கண்ணெல்லாம் மஞ்சளா கீதுக்கா. ஆஸ்பத்திரில பெட்ல சேக்கச் சொன்னாங்க. உங்க மருந்து கீதுன்னு வூட்டுக்கே இட்டாந்துட்டேன்."

"அது என்ன செடின்னே எனக்குத் தெரியாதும்மா. நிஜமா."

அவள் தலையாட்டினாள். "சொல்லக் கூடாதுன்னு தெரியும்க்கா. பேரு வேணாம். அரைச்சு மட்டும் குடுங்க."

நாட்டு மருந்து கொடுக்கிறவர்கள் செடியின் பெயரை வெளியே சொல்லமாட்டார்கள், சொன்னால் பலிக்காது என்பார்கள். எனக்கு அப்போதுதான் அது உறைத்தது. தெரியாது, தெரியவே தெரியாது என்று சத்தியம் செய்யச் செய்ய, அவள் முகத்தில் மரியாதை கூடிக்கொண்டே போனது. கோபம் வந்தது. அவள் மேலா, கணவர் மேலா, என் மேலேயா என்று புரியவில்லை.

கடைசியில் குரலைத் தாழ்த்தி, "ஆஸ்பத்திரி பெட்ல படுத்தாதான் இந்த மருந்து புடிக்கும். முதல்ல அவரைச் சேருங்க. டாக்டரே அவரை வீட்டுக்கு அனுப்பினப்புறம் வாங்க, தர்றேன்" என்றேன்.

அதை உடனே நம்பினாள். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.